ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இரண்டு சுற்று

ஹட்டனில் வானம் வெளுத்தால் எனக்கு எரிச்சல் வரும். ஊரெல்லாம் துணி காயப்போட ஓடும். எதிர்க்கடை முதலாளி செத்தல் மிளகாய்ச் சாக்கை வெயிலுக்கு இழுத்துப் போடுவார். என் மனைவி தலையணைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். நான் மட்டும் கடை வாசலில் நின்று மேலே பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பேன். ஒரு துண்டு மேகம் இல்லை, காற்று இல்லை, மலை விளிம்பெல்லாம் வெட்டி வைத்த மாதிரி தெரிகிறது. இப்படி ஒரு காலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஊறுகாயா போட முடியும்?

எட்டு வருஷம் எனக்கு ஒரு விமானம் இருந்தது. சரியாகச் சொன்னால் பாதி விமானம். மற்றப் பாதி களுத்துறைப் பக்கம் இருந்த ஒரு பல் வைத்தியருடையது. "ஒங்களுது முன்பாதியா, பின்பாதியா?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் கடைவீதியில் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எடை ஏறக்குறைய ஒரு த்ரீவீலின் எடைதான். இரண்டு பேர் வாலைப் பிடித்து இழுத்தால் கொட்டகைக்குள் போய்விடும். இறக்கை தலைக்கு மேலே இருந்ததால் கீழே பார்க்கத் தோதாக இருக்கும். நான் அதை வாங்கச் சம்மதித்ததே அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நான் மோட்டார் வயின்டிங் செய்கிறவன். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிகளின் மோட்டார் எரிந்து போனால் என் கடைக்குத்தான் வரும். அதற்கு முன் பத்து வருஷம் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை. விமானத்தில் அல்ல, விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வண்டிகளின் பேட்டரியில். நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று, ஒன்று விடாமல் எல்லாம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டு வாசலில் நின்று சாப்பாட்டு வாசனை மட்டும் பிடித்தவன் கதை. ஆசை அப்படித்தான் முற்றிப் போனது.

பல் வைத்தியர் இரண்டு வருஷம் எங்கள் பக்க அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருந்தார். பல் குடைகிற இயந்திரத்தின் மோட்டார் எரிந்து அதை என்னிடம் கொண்டுவந்தார். கடைச் சுவரில் நான் ஒட்டியிருந்த விமானப் படங்களைப் பார்த்தவர் மோட்டாரை மறந்துவிட்டார். அவருக்கு அப்போதே ஓட்டத் தெரியும். "மல்லி, உனக்கும் கத்துக்க ஆசையா?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி. நாற்பத்தைந்து வயதுக்காரனிடம் இப்படிக் கேட்கக்கூடாது. நான் மறுவாரமே பஸ் ஏறிவிட்டேன்.

லைசன்ஸ் எடுத்ததும், விமானத்தை இரண்டு பேருமாக வாங்கியதும் என் வீட்டில் இன்றுவரை ஆறாத கதை. வளைகுடாக் காசில் மேல்மாடி கட்டுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் ஆசிரியை, வாக்கியத்தைப் பிழையில்லாமல் அமைப்பாள். யார் வீட்டுக்கு வந்தாலும் கூரையைக் காட்டி, "எங்க மேல்மாடி களுத்துறையில நிக்குது" என்பாள். ஒருமுறை அவளைக் கடலோரமாகக் கூட்டிப்போனேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னாள். கடல் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "சத்தமா இருந்துச்சு" என்றாள்.

விமானம் வைத்திருப்பது என்றால் எப்போதும் பறந்துகொண்டிருப்பது என்று ஆட்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் துடைப்பதுதான் வேலை. சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு பஸ் பிடித்துக் கீழே இறங்குவேன். வைத்தியர் வீட்டுப் பின்னறையில் படுத்து, ஞாயிறு விடியுமுன் கொட்டகைக் கதவைத் தள்ளுவோம். கடல் உப்பைத் துடைக்க வேண்டும். டயரை அமுக்கிப் பார்க்க வேண்டும். பெற்றோலில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். வேகம் காட்டுகிற கருவிக்குக் காற்றுப் போகும் குழாய் ஒன்று இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டிவிடும். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைக் கொட்டுகிற ஜாதி, கடற்கரைக்கு வந்தும் என்னை விடவில்லை.

இவ்வளவும் செய்தால் ஒரு முக்கால் மணிநேரம் மேலே. கடல், களப்பு, தென்னை. எல்லாம் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் விடியலில் கிளம்பித் திரும்புகிற போதெல்லாம் கிழக்கே சிவனொளிபாத மலையின் முனை நீலமாகத் தெரியும். அதற்குப் பின்னால்தான் எங்கள் தோட்டம். வைத்தியர் கடல் பக்கம் கையைக் காட்டி டொல்ஃபின் என்பார். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கேதான் அக்கா இருந்தாள்.

அக்கா எனக்கு எட்டு வயது மூப்பு. றொசல்லைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில் பிறந்தோம். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய் இடுப்பு உடைந்து படுத்த வருஷம், அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தாள். பேர் பதிவது என்றால் செக்ரோலில் தொழிலாளியாகப் பெயர் ஏறுவது. ஏறினால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்கள் கையில் நிற்கும். என் பெயர் பள்ளிக்கூட இடாப்பில் இருந்ததற்கு அவள் பெயர் அந்த இடாப்பில் இருந்ததுதான் காரணம். இதை நான் எங்கே சொன்னாலும் அவளுக்குக் கோபம் வரும். "பெரிய தியாகம் பண்ணிட்டேன் பாரு. எனக்குக் கணக்குப் பாடம் வரல, அதான் போனேன்" என்பாள். கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருஷனையும் மண்ணுக்கு அனுப்பிவிட்டு, அதே லயத்தில் இருந்தாள்.

விமானம் வாங்கிய முதல் மாதமே போய்ச் சொன்னேன். "அக்கா, வா. ஒன்னய மேல கூட்டிக்கிட்டுப் போய் நம்ம மலைய காட்டுறேன்."

"கினிகத்தேனை வளைவுக்கே நான் ரெண்டு தடவ வாந்தி எடுக்குறவ. மேல வந்து யார் தலையில எடுக்கிறது?" என்றாள்.

நான் விடவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் கேட்டேன். கடைசியில் ஒருநாள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் மேல வந்து என்னத்தப் பாக்கப் போறேன்? அந்த மலைய நாப்பது வருஷமாப் பாக்குறேன். நீ வேணும்னா மேல வந்து என்னயப் பாரு."

"உன்னயவா?"

"ஆமா. தொர வருவாரு, மரத்தப் பாப்பாரு. மேற்பார்வைக்குக் கண்டாக்கையா வருவாரு, கூடையப் பாப்பாரு. கங்காணி வெரலப் பாப்பான். நான் மலையில நிக்கிறத ஒரு ஆளு இதுவரைக்கும் பாத்ததில்ல. நீ பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ரொட்டியைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். கருகிய வாசம் வந்தது. என் அக்கா என்னிடம் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. வளைகுடாவிலிருந்து வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டால்கூடப் பிள்ளைகளுக்குத்தான் கேட்பாள்.

மலைக்குள் பறப்பது லேசான காரியமில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்ப ஆரம்பிக்கும். மேகத்துக்குள் போய்விட்டால் மலை எங்கே இருக்கிறது என்று தெரியாது; அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். முகட்டைத் தாண்டுகிற காற்று மறுபக்கம் கீழே விழும். எங்கள் சின்ன எஞ்சின் அந்தக் காற்றோடு சண்டை போட்டு ஜெயிக்காது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மலைப் பக்கம் போகவே வேண்டாம் என்று அடித்துச் சொல்லியிருந்தார். என் மனைவிக்கு இது தெரிந்து, அக்காவிடமும் போய் எல்லாவற்றையும் சொல்லி, "நீங்களாவது சொல்லுங்க மதினி" என்று அழுதிருக்கிறாள். அந்த அழுகையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு பெப்ரவரி மாதம் சரியாக வாய்த்தது. பத்து நாளாக மழையில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையில் ஆள் இருக்காது, அதனால் வேலை நாளாகப் போக வேண்டும். வைத்தியர் லீவு போட்டார். அனுமதியெல்லாம் எடுத்தோம். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு, எந்த மலையில் எந்த நாள் கொழுந்து எடுப்பார்கள் என்று முறையும் உண்டு. அக்கா கணக்கு வராதவள் என்று சொன்னேனே, விரல்விட்டு எண்ணிச் சரியாகச் சொன்னாள்: "செவ்வாக்கெழம ஏழாம் நம்பர் மல. எட்டு மணிக்கு எல்லாரும் நெர புடிச்சிருப்போம்."

"நூறு பேர் நிப்பீங்க. எனக்கு எப்படித் தெரியும்? தலையில செவப்பா ஏதாச்சும் கட்டிக்க."

"நம்ம வீட்டுல ஏது செவப்பு? மாதா கோயிலுக்கு எல்லாம் நீலந்தான் இருக்கு."

"யார்கிட்டயாவது வாங்கு."

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத பிழை. லயத்தில் ஒருத்தி பக்கத்து வீட்டில் ஒரு துணி இரவல் கேட்டால், எதற்கு என்று சொல்லாமல் வாங்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் அம்மனுக்கு மாலை போடுகிறவள். அவளிடம் சிவப்புச் சேலை இருந்தது. அக்கா காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். அம்மனுக்கு மாலை போடுகிற வீடு அந்தத் தோட்டத்தில் ஒன்றா, இரண்டா? எல்லா வீட்டிலும் சிவப்புச் சேலை உண்டு.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். வைத்தியர் பக்கத்தில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். களனி ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். தரை மெதுவாக எங்களை நோக்கி எழும்பியது. கினிகத்தேனை கடைவீதி ஒரு சாண் நீளத்துக்கு வந்து போனது. வளைவில் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸில்தான் நான் முப்பது வருஷமாகக் கால்மாட்டில் மூட்டையோடு நின்றுகொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. வைத்தியர் கவனித்தார். கண்ணாடி போட்டுக்கொள், வெயில் அடிக்கிறது என்றார். நல்ல மனுஷன்.

வட்டவளை தாண்டி ரெயில் தண்டவாளம். பிறகு றொசல்லை ஸ்டேஷன். அதற்கு மேலே எங்கள் தொழிற்சாலை, தகரக் கூரை, கோயில், வரிசையாக லயம், லயத்துக் கூரைமேல் தகரம் பறக்காமல் இருக்க வைத்த கற்கள். அக்கா கொழுந்துக் கூடையோடு ஏற ஒரு மணிநேரம் பிடிக்கிற மலையை நான் மூச்சு விடுகிற நேரத்தில் தாண்டிவிட்டேன். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அநியாயமாகவும் இருந்தது. யூக்கலிப்டஸ் மரக்கூட்டத்துக்கு மேலே வளைத்து, ஏழாம் நம்பர் மலையைப் பக்கவாட்டில் கொண்டுவந்தேன்.

மலை முழுக்கச் சிவப்பு.

ஒருத்தி இல்லை, இருவர் இல்லை, அந்த மலையில் நின்ற அத்தனை பெண்களும் தலையிலும் தோளிலும் சிவப்பைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என் தம்பி வருகிறான் என்று அக்கா சொன்னதற்கு, நம்ம தோட்டத்துப் பையன் வருகிறான் என்று எல்லோரும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வைத்தியர் எட்டிப் பார்த்துவிட்டு, "மல்லி, மிளகாய் காயப்போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தேடினேன். ஆயிரம் அடி உயரத்தில் கை தூக்கினால் தெரியும், முகம் தெரியாது. எல்லோரும் கை தூக்கினார்கள்.

இரண்டாவது சுற்றும் சுற்றினேன். அதே மரங்களுக்கு மேலே அதே வளைவு. கொழுந்தை விட்டுவிட்டு எல்லோரும் கை ஆட்டினார்கள். கீழே ஓர் ஆள் கம்பை ஆட்டிக்கொண்டு ஓடியது தெரிந்தது, அது கங்காணியாக இருக்கும். வட்டவளைப் பக்கம் வெள்ளையாக ஏதோ எழும்ப ஆரம்பித்திருந்தது. வைத்தியர் என் தோளைத் தொட்டார். போக வேண்டும். இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போது பார்த்தேன்: எல்லோரும் கையை இறக்கிய பிறகும், மூன்றாவது நிரையில் மேட்டோரமாக ஒருத்தி மட்டும் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றாள். அது அக்காதான். அக்காவாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் அப்படி நிற்பார்கள்?

இறங்கியதும் போன் எடுத்தேன். மத்தியானம்தான் கிடைத்தாள்.

"அக்கா, பாத்தேன்! மூனாவது நெரையில, மேட்டு ஓரமா நின்ன. எல்லாரும் கைய எறக்கின பொறகும் நீ மட்டும் தூக்கிக்கிட்டே நின்ன. பாத்தேன்க்கா!"

"ஆமா தம்பி. பாத்தியா? நல்லாப் பாத்தியா?" என்றாள். "பத்திரமா எறங்கிட்டியா?" என்றும் கேட்டாள்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு பெப்ரவரியிலும் நான் மறுபடி வருகிறேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னாள். கங்காணி சத்தம் போடுறான், கொழுந்து கொறஞ்சிருச்சுன்னு. இந்த வருஷம் மலைய கவ்வாத்து வெட்டிட்டாங்க. எனக்குக் கால் வலி. கடைசியில், "அதான் ஒரு தடவ பாத்துட்டியே, போதும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கேட்டதைக் கொடுத்தவனுக்கு இன்னொரு தடவை கொடுக்க ஆசை இருக்காதா?

பிறகு நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. ஆம்புலன்சுக்கே இல்லாத பெற்றோலை ஆசைக்குப் பறக்கக் கேட்டால் அடி விழும். விமானம் கொட்டகையில் கிடந்தது. அதன் அனுமதிப் பத்திரம் காலாவதியானது. அதற்கிடையில் என் சர்க்கரை ஏறி, ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். விமானிகளுக்கு உடம்பு சோதிக்கிற டொக்டர் என் கோப்பை மூடி மேசையின் மற்றப் பக்கம் வைத்தார். அந்தக் கை அசைவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பல் வைத்தியர் மகனோடு இருக்க வெளிநாடு போக முடிவு செய்தார். வாங்க ஓர் ஆள் வந்தார். இறக்கையைக் கழற்றி, லொறியில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்.

அதற்கு முந்தின வாரம் அக்காவுக்குப் போன் பண்ணினேன். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிரு. பறக்கவெல்லாம் மாட்டோம். தொட்டுப் பாத்துட்டுப் போ."

வந்தாள். அந்த வருஷம்தான் பென்ஷன் ஆகி, மலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். பஸ்ஸில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, என் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள். கொட்டகைக்குள் விமானத்தைப் பார்த்து, "இவ்வளவு சின்னதா!" என்றாள். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். இதை நம்பியா நீ போனாய் என்கிற பார்வை அது.

வைத்தியர் வாங்குகிற ஆளோடு வெளியே பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவை வலப்பக்க இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தேன். தோளுக்கு இரண்டும் இடுப்புக்கு இரண்டுமாக பெல்ட் மாட்டினேன். நான் இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன். இது வேகம், இது உயரம், இது எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லா முள்ளும் பூச்சியத்தில் நின்றது. அவள் எதையும் தொடவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது இப்ப மேல போகுமா?" என்று கேட்டாள்.

"போகாது. அனுமதி முடிஞ்சிருச்சு."

"நீ நெனச்சா?"

"நெனச்சாலும் முடியாதுக்கா. பேட்டரியக் கழட்டியாச்சு. திங்கக்கெழம இறக்கையையும் கழட்டுறாங்க."

"வேற ஒன்னு வாங்குவியா?"

"என்னத்த வாங்குறது? எனக்குத்தான் லைசன்ஸே இல்லையே. ஊசி போடுற ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க."

"ஒரு காலமும்?"

"ஒரு காலமும்."

எரிச்சல் வந்தது எனக்கு. ஆறாத புண்ணை இப்படியா ஒவ்வொரு பக்கமாகக் குத்திப் பார்ப்பது? அக்கா மூச்சை நீளமாக விட்டாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கி நான் மலையில இல்ல தம்பி."

"எப்ப?"

"நீ வந்தியே, அன்னைக்கி. காலையில வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்குப் போனா, புள்ளக்காம்பராவுல புள்ளைங்களப் பாக்குற அம்மாவுக்குக் காய்ச்சல். கண்டாக்கையா என்னயப் போகச் சொல்லிட்டாரு. இன்னைக்கி ஒரு நாள் வேணாங்கய்யா, என் தம்பி வருதுன்னு சொன்னேன். அவருக்கு வெளங்கல. பதினாலு புள்ளைங்க. எல்லாம் கைப்புள்ளைங்க, விட்டுட்டு வர முடியுமா? சத்தம் கேட்டுச்சு. இடுப்புல ஒன்னு, கையில ஒன்னத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். செவப்புச் சேலயோடதான். மரம் மறச்சிருச்சு."

"அப்ப மூனாவது நெரையில…" என்றேன்.

"அது சேல குடுத்தாளே, பக்கத்து வீட்டுக்காரி. அது அவ நெர. என் தம்பி ஒன்னயத்தான் பாத்துச்சாம், கைய எறக்காம நின்னியாமேன்னு அவகிட்டச் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னைக்கி வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறா."

"ஏன்க்கா என்கிட்டச் சொல்லல? அடுத்த வாரமே வந்திருப்பேனே! ஒவ்வொரு வருஷமும் வர்றேன்னு சொன்னேனே!"

"அதனாலதான் சொல்லல" என்றாள். "ஒன் பொஞ்சாதி எல்லாம் சொல்லிச்சு. மேகத்துக்குள்ள மல இருக்குமாமே. நீ என்னயப் பாக்கலன்னு சொன்னா மறுபடி வருவ. எனக்குத் தெரியாதா ஒன்னய? இனிமே வர முடியாதுன்னு நீயே சொன்ன பொறகுதான் வாய தொறந்தேன்."

பிள்ளைக்காம்பரா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே தொட்டிலில் கிடந்தவன்தான். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு சுற்றும் நான் அந்த மரங்களுக்கு நேர் மேலேதான் வளைத்தேன். கண்ணை மட்டும் மலையில் வைத்திருந்தேன்.

ஐந்து நிமிஷம் போதும் என்று தோன்றியது எனக்கு. ஒரே ஒரு எழும்பல், அந்த வாசல், இடுப்பில் ஒரு பிள்ளையோடு அவள் நிற்கிறாள், அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். கை தானாக விசை இருக்கிற இடத்துக்குப் போனது. விசையைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி இல்லை என்று நானே ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னேன்.

அக்கா என் கையைப் பார்த்தாள். வெளியே வைத்தியர் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

"ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள். "இந்தப் பட்டிய அவுத்துவிடு தம்பி."

ஒரு விரலால் அமுக்கினால் திறந்துகொள்கிற பூட்டு அது. அதைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, "சிக்கிக்கிச்சுக்கா, கொஞ்சம் இரு" என்றேன்.